லைனை விடாதே

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஷர்மிளாவுக்கு ‘வார்ம்’ என்றால் அப்பா சூசைராஜ் குளிக்கும் வெந்நீர், குளிர்காலத்து ஸ்வெட்டர், அவ்வளவுதான். மாதாப்பூர் கால் சென்டரில் சேர்ந்த பிறகுதான் அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் பிழைப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்தது. குரல் வார்மாக இருக்க வேண்டுமாம். வரவேற்பு வார்மாக இருக்க வேண்டுமாம். உடம்பை விறைக்கவைக்கும் ஏசியில் அதே ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, முகம் தெரியாத அமெரிக்கர்களிடம் விடிய விடியக் குழைவாள். வீட்டுக்கு வந்தால் பேச வாய் வராது. அப்பா ஏதாவது கேட்டால், “நக்கோ டாடி, இப்ப வேணாம், அப்புறம் பேசலாம்” என்று படுத்துவிடுவாள்.

புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். அவள் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்தது வார்ம் டிரான்ஸ்ஃபர். கஸ்டமரை வேறு பிரிவுக்கு மாற்றும்போது பட்டனைத் தட்டிவிட்டு ஓடக்கூடாது. அந்தப் பக்கம் ஆள் எடுத்து, இவர் இன்னார், இவர் பிரச்சினை இது என்று சொல்லி ஒப்படைக்கும்வரை லைனிலேயே இருக்க வேண்டும்.

“நடுவுல விட்டுட்டுப் போனா அவங்க அநாதையா நிப்பாங்க” என்பாள்.

அதைக் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டவள் ஈரோட்டிலிருந்து வந்த வர்ஷினி. சாமர்த்தியசாலி. நாலே வருஷத்தில் ஷர்மிளாவுக்கே மேனேஜர் ஆனாள். அதற்கும் ஷர்மிளாதான் கேக் வாங்கி வந்தாள். அப்படியொரு வெகுளி.

2009இல் ஆட்குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. அப்பா ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வாடகை வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வர்ஷினி இருக்கும்போது தனக்கென்ன பயம் என்று இருந்தாள்.

ஒருநாள் காலை, இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வர்ஷினி வந்தாள்.

“அக்கா, எச்.ஆர். ரூம் வரைக்கும் வாங்க. பேக்கையும் எடுத்துக்குங்க.”

பேக் என்றதுமே ஷர்மிளாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று வர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயும் உள்ள வா வர்ஷினி. ஏழு வருஷமா எப்படி வேலை பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் போயிடு.”

“அதெல்லாம் அவங்களுக்கே தெரியுமுங்க்கா. எனக்கு மீட்டிங் இருக்குது.”

என்ன குழைவு, என்ன கனிவு! எல்லாம் ஷர்மிளா சொல்லிக்கொடுத்த குரல்தான். அதைக் கேட்கவே அவளுக்குக் கூசியது.

வர்ஷினி கையை உருவிக்கொண்டாள். கதவு திறக்கும்வரைகூட நிற்கவில்லை.