லெமினேற் செய்த சாவி

அகஸ்ரினாவின் கையில் ஒரு கடதாசி அகப்பட்டால் மறுநாள் அது பளபளவென்று பிளாஸ்ரிக்குக்குள் இருக்கும். அடையாள அட்டை, ஞானஸ்நானப் பத்திரம், எங்கள் கந்தோர்ச் சுவரில் தொங்கிய விடுமுறை அட்டவணை, ஒன்றையும் விட்டுவைக்க மாட்டாள். "கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் என்னையும் லெமினேற் பண்ணிப் போடுவீங்கள்" என்று நான் பகிடி பண்ணுவேன். அவளும் சிரிப்பாள். இப்போது அந்தப் பகிடியை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது.

அந்தப் பழக்கம் அவளுக்குச் சும்மா வரவில்லை. நறுவிலிக்குளத்தில் பிறந்தவள். தொண்ணூறில், யுத்தத்துக்குப் பயந்து, ஐந்து வயதில், தாயோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனாள். கடல் தண்ணீர் அடித்து, தாய் மடியில் கட்டியிருந்த கடதாசிகள் எல்லாம் ஊறிப் போயின. கரையேறிப் பார்த்தபோது அவளுடைய பிறப்புச் சான்றிதழில் மைக் கறை மட்டும்தான் மிச்சம். பிறகு இருபத்தொரு வருடம் அகதி முகாம். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை பார்த்தாள். 2011இல் திரும்பி வந்தபோது மற்றவர்கள் குடமும் சேலையும் கொண்டுவந்தார்கள். இவள் கடைக்காரர் கொடுத்த பழைய லெமினேற் மெசினைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தான் இந்த மண்ணில்தான் பிறந்தவள் என்று காட்ட மன்னார்க் கச்சேரியில் அரச அதிகாரிகளிடம் பதினான்கு மாதம் அலைந்தாள். புதுச் சான்றிதழ் கைக்கு வந்த அன்று, சோறு தின்பதற்கு முன்பே மெசினைச் சூடாக்கினாளாம்.

காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சேர்ந்து மன்னாரில் ஒரு சின்னக் கந்தோர் நடத்தின. அங்கேதான் நானும் அவளும் வேலை செய்தோம். அவள் வீடு வீடாகப் போய்த் தாய்மார் சொல்வதைக் குரலாகப் பதிவு செய்வாள். நான் கணினி பார்ப்பவன். சிவில் உடுப்பில் ஆட்கள் வந்து, ஆர் ஆர் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. தாய்மார் பயந்தார்கள். அதனால் 2014 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, பதிவுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருளை எங்களுக்கு இரண்டு நாள் படிப்பித்தார்.

அதில் இரண்டு சாவிகள். ஒன்று பூட்டும், ஆனால் திறக்காது. அது கணினியிலேயே கிடக்கும். மற்றதுதான் திறக்கும். அது வங்கி அட்டை போன்ற ஒரு அட்டையில், பொன்னிறச் சிப்புக்குள் இருக்கும். கணினியைத் தூக்கிக்கொண்டு போனாலும் அட்டை இல்லாமல் ஒருவரும் ஒரு சொல்லைக்கூடக் கேட்க முடியாது.

படிப்பித்தவர் பஸ் ஏறிய பிறகு, எங்கள் கந்தோருக்கான சாவியை நான்தான் உருவாக்கினேன். அட்டைக்கு வெளியே அதற்கு ஒரு பிரதி எடுத்து வைக்கவா என்று மென்பொருள் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். பிரதி இருந்தால் அது களவு போகும் என்று நினைத்தேன். பெரிய மூளைசாலி நான். சோதனைக்கு ஒரு பதிவைப் பூட்டித் திறந்து பார்த்தோம். திறந்தது. அட்டையை அகஸ்ரினாவிடம் கொடுத்து, "இது உங்களிட்டையே இருக்கட்டும். தண்ணி படக்கூடாது, உப்புக்காத்துப் படக்கூடாது. உங்கட பிறப்புச் சான்றிதழ் மாதிரிப் பாருங்கோ" என்றேன்.

நான் சொன்னதை அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பேரைப் பதிவு செய்தாள். பதிவு முடிந்ததும் நான் பூட்டுவேன், திறந்தபடி இருக்கும் பிரதியை அழிப்பேன். பூட்டுவதற்கு அட்டை தேவையில்லை. ஆகையால் அந்த எட்டு மாதமும் அட்டையை நான் கேட்கவும் இல்லை, அவள் காட்டவும் இல்லை.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் வங்காலை எடித் அம்மா. இரண்டாயிரத்து எட்டில் யுத்தத்துக்குள் மகன் மில்ரனோடு இடம்பெயர்ந்து போனவர், யுத்தம் முடிந்து, இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து தனியாகத்தான் திரும்பி வந்தார். மகனைக் கடைசியாகக் கண்ட நாளைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. வங்காலையில் கலியாணம் கட்டியிருந்த மகள் மாக்கிறட் கேட்டால், எழும்பிப் போய் மீன் கழுவத் தொடங்கிவிடுவார். அகஸ்ரினாவிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மணித்தியாலம் சொன்னார். முடிவில் சொன்னது எனக்கு அகஸ்ரினா வந்து சொல்லித் தெரியும்: "ஒருக்காத்தான் சொல்லுவன் பிள்ளை. நான் கண் மூடின பிறகு மகளுக்குப் போட்டுக் காட்டு. என்ர வாயால அவளுக்குச் சொல்ல எனக்கு ஏலாது."

அந்த ஆவணியில் எடித் அம்மா நெஞ்சு வலி வந்து கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுகிழமை மாக்கிறட் எங்கள் கந்தோருக்கு வந்து கதிரை நுனியில் இருந்தாள்.

"அம்மா சொன்னதை நான் கேக்கலாமோ அக்கா?"

"ஓம், அது உங்களுக்குரியது. நாளைக்கு அட்டையைக் கொண்டுவாறன். அதுக்கு அடுத்த நாள் வாங்கோ" என்றாள் அகஸ்ரினா.

மறுநாள் காலை தன் கைப்பையிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் அட்டை. தடித்த பிளாஸ்ரிக்குக்குள், மூலைகள் வடிவாக வெட்டி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் லெமினேற் செய்யப்பட்டிருந்தது. நான் கொடுத்த அன்றைக்கே செய்தாளாம். ஒரு துளித் தண்ணீர் போகாது என்று பெருமையாகச் சொன்னாள். நான் அதை வாங்கி, சிப்பின் மேல் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

அட்டை வாசிக்கும் கருவிக்குள் அது நுழையவே இல்லை. ஓரத்தை வெட்டினோம், நுழைந்தது. அட்டை இல்லை என்றது கணினி. சிப்பின் மேலும் பிளாஸ்ரிக் மூடியிருக்கிறதே, வேறு என்ன சொல்லும். பிளேட்டால் மெல்ல மெல்ல உரித்தேன். சூட்டில் அட்டை நெளிந்து போயிருந்தது. பிளாஸ்ரிக்கோடு சேர்ந்து பொன்னிறச் சிப்பும் கழன்று வந்துவிட்டது.

பசாரில் போன் திருத்தும் சாஹுல் ஹமீட் காக்காவிடம் ஓடினோம். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, சிப்பைத் துடைத்து, ஒரு பழைய வங்கி அட்டையில் குழி வெட்டி அதற்குள் பொருத்தித் தந்தார். கருவியில் செருகினோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கணினி இரகசிய எண் கேட்டது. அகஸ்ரினா "மாதாவே" என்று சொல்லிக்கொண்டு ஆறு இலக்கத்தையும் அடித்தாள். கருவியின் வெளிச்சம் மின்னி அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனை தரம் செருகியும் எரியவில்லை.

"தங்கச்சி, இது மௌத்தாப் போச்சு, இனி உசிர் வராது. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனமில்ல" என்றார் காக்கா. செய்த வேலைக்கு எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தேன். "பிரதி இருக்குத்தானே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் போனை வைத்துவிட்டேன்.

அகஸ்ரினா அழவில்லை. கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எடித் அம்மா இதுக்குள்ளதானே இருக்கிறா?" என்று கேட்டாள்.

"ஓம். பைல் இருக்கு."

"அப்ப ஏன் கேக்க ஏலாது?"

விளங்கப்படுத்தினேன். திகதி இருக்கிறது, அளவு இருக்கிறது, இரண்டு மணித்தியாலமும் அப்படியே இருக்கிறது, உலகத்தில் எவராலும் திறக்க முடியாது என்றேன். பிரதி வேண்டாம் என்று அழுத்தியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். என்னைக் கோவித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மற்ற நாற்பது பேரிடமும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு முறை சொல்லுங்கோ என்று கெஞ்சலாம். எடித் அம்மாவிடம் எங்கே போவது?

மாக்கிறட் வரும்வரை அகஸ்ரினா காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே நாங்கள் இருவரும் வங்காலைக்கு பஸ் ஏறினோம். மாக்கிறட் வீட்டில் தேத்தண்ணீர் வந்தது. நாங்கள் தொடவில்லை. அகஸ்ரினா எதையும் மறைக்கவில்லை. மெசினைப்பற்றிச் சொன்னாள், சூட்டைப்பற்றிச் சொன்னாள், நான்தான் செய்தனான் என்று சொன்னாள். நான் இடையில் பூந்து பிரதியைப்பற்றிச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை, விளங்கி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

மாக்கிறட் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "அக்கா, நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டனீங்கள்தானே. உங்கட வாயால சொல்லுங்கோ" என்றாள்.

அகஸ்ரினா சொன்னாள். எழுதி வைத்த குறிப்பு ஒன்றும் கிடையாது, அதுதான் எங்கள் சட்டம். நினைவிலிருந்து சொன்னாள். தாயும் மகனும் நடந்த வெளியைச் சொன்னாள். தண்ணீர் இல்லாமல் தேங்காய் ஓட்டில் மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்ததைச் சொன்னாள். வரிசையில் ஆமிக்காரர் ஆண்களை ஒரு பக்கம் போகச் சொன்னதைச் சொன்னாள். மாக்கிறட் கண்ணீர் வடிய ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இதுவாவது கிடைத்ததே என்று என் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது.

"போகேக்க மில்ரன் திரும்பி வந்து, கண்ணாடியைக் கழட்டி அம்மாவின்ர கையில குடுத்தவராம். உடைஞ்சு போகும், வைச்சிருங்கோ அம்மா, வந்து வாங்கிறன் எண்டு சொன்னவராம்."

மாக்கிறட்டின் தலை ஆட்டம் நின்றது.

"தம்பி கண்ணாடி போடுறேல்ல அக்கா."

கண்ணாடிக்காரப் பிள்ளை எவருடைய பிள்ளை, நறுவிலிக்குளத்தில் பதிவு செய்த தாயின் பிள்ளையா, பள்ளிமுனையில் பதிவு செய்த தாயின் பிள்ளையா என்று அகஸ்ரினா தேடுவது அவள் முகத்தில் தெரிந்தது. எட்டு மாதமாக நாற்பத்தொரு பிள்ளைகளைக் காதால் வாங்கியவள் அவள். அவர்கள் எல்லோரும் அவளுக்குள் ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள்.

மாக்கிறட் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "அதை விடுங்கோ அக்கா, அது வேற ஆற்றையோ பிள்ளை. மற்றதெல்லாம் தம்பிதானே? தேங்காய்ச் சிரட்டையில தண்ணி குடிச்சது தம்பிதானே?"

"தெரியேல்ல மாக்கிறட்," என்றாள் அகஸ்ரினா. "எனக்குத் தெரியேல்ல."