தரை தொடாத தண்ணீர்

திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில் எங்கள் வீடு. உப்புக் காற்றில் தகரக் கூரை நிற்காது, துரு தின்றுவிடும். எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஒரு பழைய துரை பங்களாவை இடித்தார்கள். அதன் கூரையில் விரித்திருந்த ஈயத் தகடுகளை வாங்கி மாட்டுவண்டியில் கொண்டுவந்தேன். பலகை அடித்து, மேலே தகட்டை விரித்து, ஓரத்தை மரச்சுத்தியால் தட்டினால் கோரைப்பாய் போல மடிந்தது. அதன் பிறகு உள்ளே வெயிலும் தெரியவில்லை, மழைச் சத்தமும் கேட்கவில்லை.

என் மனைவியின் தம்பி அண்ணாந்து பார்த்தான். "இன்னா மச்சான், ஊரு வலைக்கெல்லாம் குண்டு உருக்கலாம், அத்தினி ஈயத்த வூட்டு மேல போட்டுகினு கீற?"

"பொறாமயா இருந்தா நீயும் ஒண்ணு கட்டுடா."

வலைக் கயிற்றில் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குகிறவர்கள் நாங்கள். அது ஆகாது என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் கிணறு உப்பு. தரை தொடாத மழைத்தண்ணீர்தான் பெருமாளுக்கு என்பது வீட்டு வழக்கம். மீந்த தகட்டை மரத்தொட்டிக்குள் விரித்து, கூரைத் தண்ணீரை அதில் பிடித்தேன். காலையில் துளசி போட்டுப் படைத்துவிட்டு நானும் மனைவியும் உள்ளங்கையில் ஒரு வாய் குடிப்போம். எட்டு வயது மகளுக்கு அது போதாது.

"டம்ளர்ல குடு நைனா. இனிப்பா கீது."

ஒரே பிள்ளை. ஊற்றிக் கொடுத்தேன்.

சில மாதத்தில் வயிற்றுவலி என்று சுருண்டாள். முகம் வெளுத்தது. நான் ஒரு மண்டலம் தீர்த்தம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, தினம் ஒரு டம்ளர் கொடுத்ததை இரண்டாக்கினேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்யா" என்றாள் மனைவி.

"மண்டலம் முடியட்டும். நடுவுல நிறுத்தக் கூடாது."

முடியவில்லை. அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை எடுத்துப்போனேன். டாக்டர் அவள் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டி, ஈய விஷம் என்றார். வீட்டில் ஈயம் புழங்குகிறதா என்று கேட்டார். கூரையையும் தொட்டியையும் சொன்னேன். அவர் கண் பாட்டிலில் நின்றது.

"இதையா குடுத்தீங்க?"

தலையாட்டினேன். பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கொஞ்சம் நினைவு வந்து தண்ணீர் கேட்டாள். ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரை வாயில் விட்டேன்.

"இது இனிக்கல நைனா" என்றாள். பிறகு பேசவில்லை. அன்று இரவே போய்விட்டாள்.

நானும் மைத்துனனும் தகடுகளைப் படகில் ஏற்றி ஆழத்தில் தள்ளினோம். மண்டலத்தைப் பற்றி என் மனைவி இன்றுவரை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பெருமாளைக் குறை சொல்ல மாட்டேன். ஊற்றியது என் கை. இப்போதும் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். பட்டர் தீர்த்தம் ஊற்றும்போது கை தானாக நீளும். வாய்வரை போகாது. தலையில் தடவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.