வெட்டி எடுத்த அழுகை

கல்யாண வீடியோ எடுக்கிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. நடந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள்; நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்பதைத் திருப்பித் தருவார்கள். மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் வெட்டு. பெண்ணின் சித்தப்பா சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிக்காகச் சண்டை பிடித்தால் வெட்டு. மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவே இல்லையா, கவலை வேண்டாம். தோழியோடு பேசும்போது சிரித்த சிரிப்பைக் கொண்டுவந்து மாப்பிள்ளை முகத்துக்கு அடுத்தபடியாக ஒட்டிவிட்டால் ஆயிற்று. நம் வீடியோக்காரர் இந்த வித்தையில் கை தேர்ந்தவர். "எங்க வீட்டுக் கல்யாணம் இவ்வளவு அழகாவா நடந்துச்சு?" என்று பெண்ணைப் பெற்றவர்களே அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவரும் கூசாமல், "ஆமாங்க, நீங்க வேலையா இருந்தீங்க, கவனிக்கலை" என்பார்.

அவருடைய அப்பாவைத் தெருவில் எல்லோரும் பட்டாளத்தார் என்பார்கள். இளவயதில் ராணுவ லாரி ஓட்டினவர். போர் முடிந்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நகராட்சியின் தண்ணீர் லாரிதான். தெருமுனையில் லாரியை நிறுத்தினால் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். இவர் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஹாரனை ஒரு தடவை அழுத்துவார், அவ்வளவுதான். போரைப் பற்றியும் அப்படித்தான். வாயே திறந்ததில்லை.

அப்பா திறக்காத வாயை மகன் திறந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், "உங்கப்பா ஏண்டா நொண்டுறாரு?" என்று கேட்டுவிட்டான். கேட்டவன் வாயை அடைக்க வேண்டுமே! "அடிபட்ட ஆளை முதுகுல தூக்கிட்டு ஓடி வந்தாரு, அப்போ கால்ல குண்டு பாஞ்சுது" என்று அள்ளி விட்டார். விட்டது நன்றாகப் பறந்தது. வாத்தியார் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். பொய்க்குக் கைதட்டல் கிடைத்த பிறகு அதை யார் திருப்பி வாங்குவார்கள்? கல்லூரியில் அதற்குக் கொஞ்சம் புகை சேர்ந்தது, இரண்டு குண்டு கூடியது. கல்யாணம் பேசும்போது மாமனார் காதுக்கும் போயிற்று. மாமனாருக்கு மரச்சாமான் கடை. கட்டில் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சம்பந்தியின் வீரத்தையும் சேர்த்து விற்க ஆரம்பித்தார். ஆனால் யாரும் பட்டாளத்தாரிடமே போய்க் கேட்டுவிடக்கூடாதே என்று மகன் முன்கூட்டியே வேலி போட்டிருந்தார். "அந்தப் பேச்சை எடுத்தா அப்பா ரொம்ப உடைஞ்சு போயிடுவாரு. தயவுசெஞ்சு கேட்காதீங்க."

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நூலகத்து அம்மா வந்துதான் கெடுத்தார். போருக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருக்கிறவர்களைப் பேச வைத்து எடுத்து வைத்துவிட்டால் நாளைக்கு வருகிற பிள்ளைகள் பார்ப்பார்களே என்று அவருக்கு ஒரு நல்ல எண்ணம். நூலகத்தில் அதற்கென்று ஓர் அறையே ஒதுக்கியிருந்தார். "உங்கப்பாவை நீங்களே எடுத்துக் குடுத்துடுங்களேன்" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார் என்ற தைரியத்தில் வீடியோக்காரர் தலையாட்டினார்.

பட்டாளத்தார் மறுநாளே இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா, இத்தனை நாளா பேசாம இருந்துட்டு?"

"எல்லாரும் சும்மா கேட்டாங்க, சொல்லலை. இது எடுத்து வைக்கிறாங்களாமே. இப்பவும் சொல்லாம செத்தா அவனுக்குத் துரோகம் பண்ணின மாதிரி ஆயிடும்" என்றார். அந்த 'அவன்' யார் என்று அன்றைக்குத்தான் மகனுக்குத் தெரிந்தது.

விளக்கைப் போட்டு, மைக்கைக் காலரில் குத்தி, வீடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேள்வி கேட்டார். முதலில் எல்லாம் லேசான பேச்சுதான். ஒருநாள் பாதி வழியில் லாரி படுத்துவிட்டதாம், முகாமில் எல்லோரும் பசியோடு காத்திருக்கிறார்களாம். "மாவு மூட்டையை அப்படியே விட்டுட்டு வர மனசு வரலை. நான்தான் முதுகுல போட்டுத் தூக்கிட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் மகன், கால் எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"குண்டு விழுந்து லாரி கவிழ்ந்துடுச்சு. கால் அடியில மாட்டிக்கிச்சு. ஒரே புகை, ஒண்ணும் தெரியலை. கூட வந்த ரெண்டு பேர் எங்க போய் விழுந்தாங்கன்னும் தெரியலை. நான் அழுதேன். கொஞ்சநஞ்சம் இல்ல, அம்மா அம்மான்னு தொண்டை கிழிய அழுதேன். கால்சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. எல்லாரும் பதுங்கிக் கிடக்கிறாங்க, எங்க சமையல்காரன் நெட்டையன் ஒருத்தன்தான் வெளியில வந்தான். கையில துப்பாக்கி கூடக் கிடையாது. ஒரு கட்டையை வச்சு நெம்பி இழுத்துப் போட்டு, என்னை முதுகுல தூக்கிக்கிட்டு வந்தான். 'எருமை, ஆக்கிப் போட்டதையெல்லாம் தின்னுட்டு என்னா கனம் கனக்கிற'ன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தான். இதைப் பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். பயம் எல்லாருக்கும்தான் வரும்."

சொல்லி முடித்தபோது பட்டாளத்தாரின் முகம் தெளிந்திருந்தது. மகனின் முகம் செத்துப் போயிருந்தது. மாமனார் பார்ப்பார். மாமனாரின் கடை ஆட்கள் பார்ப்பார்கள். கூடப் படித்தவர்களின் பிள்ளைகள் பார்ப்பார்கள். வீரர் என்று சொல்லிவைத்த மனிதர் கால்சட்டையை நனைத்துக்கொண்டு அம்மா என்று கத்தினார் என்றால் இவருடைய முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? பொய் சொன்னவர் இவர். ஆனால் வெட்கமெல்லாம் அப்பாவின் மேல்தான் வந்தது. மனித மனம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள என்ன வேண்டுமானாலும் செய்யும் போலிருக்கிறது.

உட்கார்ந்து வெட்டினார். அழுகை போயிற்று. நெட்டையன் போனார். அந்த இடத்தில் மாவு மூட்டையின் வாக்கியம் வந்து உட்கார்ந்தது. 'மாவு மூட்டையை' என்ற இரண்டு வார்த்தையை நறுக்கிவிட்டால் மிச்சம் எதற்கும் பொருந்துமே! "அப்படியே விட்டுட்டு வர மனசு வரலை. நான்தான் முதுகுல போட்டுத் தூக்கிட்டு வந்தேன்." சிரிப்பு கேட்காதபடி பின்னால் காற்றுச் சத்தம் போட்டார். ஒட்டு தெரியாதபடி, அப்பா இளவயதில் லாரியின் மேல் சாய்ந்து நிற்கும் பழைய போட்டோவை மேலே விரித்தார். நல்ல வேலைப்பாடு. அவரே இரண்டு தடவை போட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

நூலகக் கூடத்தில் காலையில் விழா. நாற்காலிகள் நிறைந்திருந்தன. மாமனார் தன் ஆட்களோடு இரண்டாவது வரிசையில். முதல் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான கிழவர், முழங்காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவன்தாண்டா நெட்டையன்" என்றார் அப்பா. "வெளியூர்ல மகள் வீட்டுல இருக்கான். தேடிப் பிடிச்சு போன் பண்ணேன். உன்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேண்டா, வந்து பாருன்னு சொன்னேன். பஸ் பிடிச்சு வந்துட்டான் பாரு!"

கிழவர் கூச்சத்தோடு சிரித்தார். "என்னத்தையோ சொல்லியிருக்கேன்னான் தம்பி. நம்ம பேரெல்லாம் யாரு சொல்லப்போறாங்கன்னு வந்தேன்."

படம் ஓடவில்லை, புரொஜக்டர் கெட்டுப்போய்விட்டது என்று வீடியோக்காரர் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரையில் பட்டாளத்தார் பேசினார். லாரி கவிழ்ந்தது. புகை வந்தது. அப்புறம் போட்டோ விரிந்தது, காற்று அடித்தது, "நான்தான் முதுகுல போட்டுத் தூக்கிட்டு வந்தேன்" என்ற குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. நெட்டையன் ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நண்பரைப் பார்த்தார். பிறகு அவரும் கைதட்டினார். அதைத்தான் வீடியோக்காரரால் பார்க்க முடியவில்லை.

நூலகத்து அம்மா மைக்கைக் கொண்டுவந்து பட்டாளத்தார் கையில் கொடுத்தார். அவர் எழுந்து நின்றார். "எனக்கு... எனக்கு ஒண்ணும் புரியலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "பார்த்தீங்களா, என்ன ஒரு அடக்கம்!" என்று மாமனார் நாலு பேருக்குக் கேட்கும்படி உருகினார். விளக்கைப் போட்டபோது நெட்டையன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். போகும்போது நண்பரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனார்.

வீட்டுக்கு வந்து பட்டாளத்தார் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்.

"டேய், நான் அப்படியா சொன்னேன்?"

மகன் மின்விசிறியைப் போடப் போனார்.

"உன் முன்னாடிதானே பேசினேன். அவன் செஞ்சதை நான் செஞ்சேன்னா சொன்னேன்?"

இந்த இடத்தில் நம் வீடியோக்காரர் சொன்ன பதிலை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. "வயசாயிடுச்சு இல்லப்பா" என்றார்.

பட்டாளத்தார் தலையை ஆட்டிக்கொண்டார். அதை நம்பிவிட்டார். "அப்போ புத்தி தடுமாறிடுச்சு போல" என்றார் மெதுவாக. தன் லாரியின் எண்ணைச் சொல்லிப் பார்த்தார். செத்துப்போன மனைவியின் பிறந்த ஊரைச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது, ஆனாலும் சமாதானம் ஆகவில்லை. "அதை அழிச்சுடுடா. பொய் சொல்ற கிழவனை எதுக்கு எடுத்து வைக்கணும்? அவன் கைதட்டினான்டா. அத்தனை பேர் முன்னாடி அவன் செஞ்சதைத் திருடிட்டேன், அவன் கைதட்டினான்." சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கு மேல் மகனால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். பள்ளிக்கூடத்தில் விட்ட பொய், மாமனாரிடம் விட்ட பொய், மாவு மூட்டை, போட்டோ, எதையும் விடவில்லை. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தார்.

பட்டாளத்தார் கையை எடுத்தார். "அப்போ நான் சொல்லலையா?"

"இல்லப்பா."

"நான் சரியாத்தான் சொன்னேனா? அவன் தூக்கினான்னு சொன்னேனா?"

"சொன்னீங்கப்பா. எல்லாம் முழுசா இருக்கு."

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தார் கிழவர். கோபமே இல்லை. மகன் செய்தது பெரிதாகப் படவில்லை, தான் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. நாலு அறை விழுந்திருந்தால்கூட வீடியோக்காரர் அவ்வளவு குறுகிப் போயிருக்கமாட்டார்.

"எழுந்திரு. வண்டியை எடு. அவன் பஸ் மத்தியானம்தான், இன்னும் கிளம்பியிருக்காது."

கிளம்பியிருக்கவில்லை. பஸ் நிலையத்தில் நெட்டையன் ஜன்னலோர இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீயே போய்ச் சொல்லு" என்று அப்பா கடைப்பக்கம் தண்ணீர் பாட்டில் வாங்கப் போய்விட்டார். வீடியோக்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்று, மண்டையைப் பிளக்கும் வெயிலில், இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது.

நெட்டையன் பொறுமையாகக் கேட்டார். "நான் தூக்கினதை மறைச்சது பரவாயில்லப்பா. பேரு வாங்கவா தூக்கினேன்? வேற என்ன வெட்டின?"

"அப்பா அழுதது. அம்மான்னு கத்தினது."

"அதை ஏன் வெட்டின?"

"வெக்கமா இருந்துச்சு ஐயா."

கிழவர் கடைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கப்பாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதில்ல. அன்னைக்குப் புகையில என் கையே எனக்குத் தெரியலை. லாரி எங்க கிடக்குன்னும் தெரியலை. அவன் அழுத சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். கூட இருந்த ரெண்டு பேரும் தைரியசாலிங்க, மூச்சு விடலை. சத்தமே இல்லையேன்னு, செத்துட்டாங்கன்னு விட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, ஒருத்தன் தன் சட்டையைக் கிழிச்சு தொடையில தானே கட்டுப் போட்டுக்கிட்டு செத்துக் கிடந்தான்." கொஞ்ச நேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு தடவை அழுதிருந்தா போதும் தம்பி, அவனையும் தூக்கிட்டு வந்திருப்பேன். அந்த அழுகையையா வெட்டின?"

ஓட்டுநர் ஏறிவந்து இஞ்சினைக் கிளப்பினார். பட்டாளத்தார் தண்ணீர் பாட்டிலோடு, நிறுத்து நிறுத்து என்று கத்தியபடி, காலை இழுத்து இழுத்து ஓடிவந்து அதை ஜன்னல் வழியாக நண்பரிடம் நீட்டினார்.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான், சொல்லிட்டான்" என்றார் நெட்டையன். "உனக்கு வயசானாலும் தொண்டை அப்படியே இருக்குடா, ஓடி வரும்போதே கத்துறியே!"

இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். வீடியோக்காரர் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சக்கரம் நகர்ந்து போன பிறகும் தலையைத் தூக்கி அப்பாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.