நெஞ்சுக்குள் ஒரு கங்காணி

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பியபோது கூடவே ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக்கில் மாட்டி வைத்தால் போதும், பகலெல்லாம் அவருடைய இதயம் எப்படித் துடித்தது என்பதை ராத்திரி அவர் படுத்ததும் அதுவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். "இஞ்சின் பக்கத்துல மட்டும் போகக்கூடாது, உள்ள இருக்கறது குழம்பிடும்" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் பிடிப்பார்கள். ஒரு முனையில் இஞ்சின் இருக்கும், மறுமுனை லேசு. கங்காணி அவரை லேசான முனைக்கு மாற்றிவிட்டார். முழங்கால் போய் நான் வேலையை விட்டுவிட்டேன். அவர் மலையில் வேலைக்கு இறங்கும்வரைதான் எங்களுக்குத் தோட்டத்து லைன் வீடு.

ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் மிஸ்ஸி போன் செய்தாள்.

"அக்கா, நாலு நாளா அவரு ஏதோ மோட்டார் பக்கத்துலயே நிக்கிறாரு. என்ன வேலை செய்றாரு?"

"லேசான பக்கந்தான் பிடிக்கிறாரு மிஸ்ஸி."

"இல்லக்கா. இங்க தெரியுது."

கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதது மலைக்குக் கீழே இருக்கும் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் பிறகுதான் வந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். கூட வேலை செய்தவன் திரிங்காப் ஊரில் பூத்தோட்ட வேலைக்குப் போய்விட்டானாம். புதிதாக வந்தவனுக்கு இஞ்சின் பக்கம் பிடிக்கத் தெரியாதாம்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா லாயக்கில்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க லா." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "வெளிய இருக்கற கங்காணி கண்ண மூடிக்கிட்டாரு. உள்ள தைச்சு வெச்சவன்தான் மூட மாட்டேங்குறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அடங்கியும் விட்டது.

மறுநாள் மிஸ்ஸி மறுபடி கூப்பிட்டாள். இனியும் இப்படி நடந்தால் டாக்டர் மானேஜருக்குக் கடிதம் எழுதுவார் என்றாள். எழுதினால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். போனை வைத்துவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் பிடுங்கவில்லை, நான்தான் பிடுங்கினேன். கரண்டு சரியில்லை என்று மிஸ்ஸியிடம் புளுகிவிட்டேன்.

இப்போது போன் வருவது குறைந்துவிட்டது. அடுப்படியில் நின்றால் சரிவிலிருந்து அவருடைய மெஷின் சத்தம் கேட்கும். கொழுந்துப் பை நிறைந்ததும் அணைப்பார்கள், மாற்றியதும் மறுபடி போடுவார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சத்தம் நின்றதும் என் கை அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாக நேரமாகிவிட்டால் யாரைக் கேட்பது? சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று இருந்தது, அதை நான்தானே பிடுங்கிப் போட்டேன்.