அறுநூற்றுப் பதினான்கு பக்கமும் படித்தவர்

நாடாளுமன்ற அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேற்பார்வையாளரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவர் கமா அக்காதான். இருபத்தெட்டு வருஷமாக அங்கே பிழை திருத்துகிற வேலை. மருந்துக்கடைப் பெயர்ப்பலகையில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தால், உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை வாங்குவார். கல்யாணத்துக்கு முன் ஒரு லிஃப்ட் மெக்கானிக் அவருக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பதினோரு இடத்தில் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். மனுஷன் கோபித்துக்கொள்ளாமல் நல்ல பிரதி ஒன்று எழுதி அனுப்பினார். அதில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அந்த முன்னேற்றத்தைப் பார்த்துத்தான் கழுத்தை நீட்டினேன் என்பார் அக்கா.

படிக்கும்போது அவர் அர்த்தத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். விஷயம் புரிய ஆரம்பித்தால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் மேலிருந்து கீழே எழுத்தெழுத்தாகப் படிப்பார், பிறகு கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறுவார். இப்படியே இருபத்தெட்டு வருஷத்துச் சட்டங்களையும் கரைத்துக் குடித்திருந்தார். ஒன்றின் ருசியும் தெரியாது.

பக்கத்து நாட்டோடு அரசாங்கம் பதினோரு மாதம் பேசி முடித்த எல்லை ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் மேஜைக்கு வந்தது. அறுநூற்றுப் பதினான்கு பக்கம். ரகசியம் கசியக்கூடாது என்று அதை ஒரே ஒருவர்தான் படிக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சனி, ஞாயிறு பார்க்காமல் ஆறு நாள் உட்கார்ந்து அக்கா முடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உறுப்பினர்கள் கைக்குப் புத்தகம் போகும், மாலை ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு என்று அறிவிப்பு வந்தது.

அச்சான பிறகு ஒன்பது பிழை கண்ணில் பட்டது. அக்காவுக்கு அது ஒன்பது முள். திருத்தச் சீட்டு அடித்து, ஒவ்வொரு பிரதியிலும் தன் கையாலேயே செருகுகிறேன் என்று வியாழக்கிழமை அவைக்கு வெளியே இருந்த கூடத்துக்குப் போனார். அங்கே முதல் தடவை ஜெயித்து வந்த ஒரு பெண் உறுப்பினர் புத்தகத்தை மடியில் கிடத்திக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். அரசியலுக்கு வரும் முன் அவர் கால்நடை மருத்துவர். முரட்டு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டவருக்கு இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டார். ஒழுங்காகப் படித்தால் நாலு நிமிஷம் என்றார் அக்கா. டாக்டர் அட்டையின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்தார். கிட்டத்தட்ட நாற்பத்தொரு மணி நேரம் வந்தது. கையில் இருந்ததோ ஏழு மணி நேரம்.

“அப்போ இதை யாருமே முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்களா?”

“நான் படிச்சேன், டாக்டர். ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை கீழேருந்து மேலே.”

அவ்வளவுதான். அரை மணிக்குள் கூடத்து மூலையில் அக்காவைச் சுற்றி இரண்டு கட்சிக்காரர்களும் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தார்கள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தேநீர் கொண்டுவந்தார். எண்பத்தெட்டாம் பிரிவு எப்படி என்று கேட்டதற்கு, அதில் மூன்று இடம் சரியில்லை, ஆனால் திருத்திவிடலாம் என்றார் அக்கா. நான்காம் பாகம் எப்படி என்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது என்றார். அதில் வரிக்கு வரி அரைப்புள்ளி. ஆனால் அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர்கள் எழுந்து ஓடியிருந்தார்கள். ஏழாம் இணைப்பு முன்னுக்குப் பின் முரண் என்றார். பக்க எண்ணைத்தான் சொன்னார். அதையும் இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் டாக்டர் அவருக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்து, பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார். இத்தனை வருஷத்தில் அக்கா அவையை உள்ளே வந்து பார்த்ததேயில்லை. மூன்று மணிக்கு எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, நான்காம் பாகத்தைப் படித்தவர்களுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது என்று முழங்கினார். எண்பத்தெட்டாம் பிரிவில் மூன்று ஓட்டை என்றார். தன் அரைப்புள்ளிகள் இப்படி அரசாங்கத்தின் மேல் பாய்வதைக் கேட்டு அக்கா மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பதறி எழுந்து, நான்காம் பாகத்தில் வேர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்றார். அப்படியானால் அதில் என்னதான் இருக்கிறது என்று டாக்டர் எழுந்து கேட்டார். அமைச்சர் பக்கத்தைப் புரட்டினார். இன்னும் புரட்டினார்.

அவைத்தலைவர் வயதானவர், நிதானமானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு சந்தேகம். இந்த மன்றத்துல இதை முழுசாப் படிச்சவங்க கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. அமைச்சர் கை காது வரைக்கும் போய், அங்கேயே காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மாடத்தில் மட்டும் ஒரு கை தனியாக நின்றது. பேனா மை படிந்த கை. காவலர் ஓடிவந்தார்.

“அம்மா, கையை இறக்குங்க. பார்க்க வந்தவங்க கை தூக்கக் கூடாது.”

“படிச்சவங்க தூக்கச் சொன்னாரு. இறக்கினா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்பா.”

கீழே எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாரோ ஒருவர் சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவி அமைச்சர் வரைக்கும் வந்து, அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் டாக்டர் தன் அட்டைக் கணக்கைச் சொல்ல, அவைத்தலைவர் வாக்கெடுப்பைப் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்தார். நாற்பத்தொரு மணி நேரத்தை மனிதர்கள் சாப்பிட்டுத் தூங்கிப் படிக்கிற கணக்கில் போட்டால் அவ்வளவு வரும் என்றார்.

மறுநாள் மேற்பார்வையாளர் அக்காவிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். கேட்ட தாளிலேயே இரண்டு பிழையைத் திருத்தி அக்கா விளக்கம் எழுதிக் கொடுத்தார். விஷயம் அதோடு போயிற்று.

அந்தப் பன்னிரண்டு நாளும் உறுப்பினர்கள் எல்லாரும் படித்தார்கள் என்று சொல்லமுடியாது. நூலகத்தில் இடம் பிடித்துத் தூங்கியவர்கள் உண்டு. எழுத்து பெரிதாக வேண்டும் என்று கேட்டு வாங்கி, பிறகு கனமாக இருக்கிறது என்று திருப்பித் தந்தவரும் உண்டு. ஆனால் டாக்டர் வரி விடாமல் படித்தார். எட்டாம் நாள் அச்சகத்துக்கே தேடி வந்து, ஏழாம் இணைப்பைப் பிரித்து அக்கா முன்னால் வைத்தார். எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு மாடும் இரண்டு நாட்டு அதிகாரிகள் முன்னிலையில் படிவத்தில் கையொப்பமிட வேண்டும் என்று அதில் இருந்தது.

அக்கா அந்த வரியை மேலிருந்து பார்த்தார், கீழிருந்து பார்த்தார்.

“எழுத்துப்பிழை எதுவும் இல்லையே, டாக்டர்.”

“மாடு எப்படிம்மா கையெழுத்துப் போடும்?”

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. இரண்டு தடவை தன் கண் முன்னால் அத்தனை மாடுகளும் பேனாவோடு வரிசையில் நின்றிருக்கின்றன, அவர் ஒற்றெழுத்தைச் சரிபார்த்து அனுப்பிவிட்டிருக்கிறார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு இருவரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாட்டின் உரிமையாளர் கையொப்பமிட்டால் போதும் என்பது உட்பட முப்பத்தொரு திருத்தத்தோடு ஒப்பந்தம் நிறைவேறியது. பக்கத்து நாடும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. அங்கேயும் யாரும் அந்த வரியைப் படித்திருக்கவில்லையாம்.

டாக்டர் அச்சகத்துக்கு வந்துபோன அன்றே அக்கா ஒரு பிரதியைச் சொந்தமாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவர் சத்தம்போட்டுப் படிக்க, மெக்கானிக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டால் முந்தின பக்கத்துக்குப் போவார்கள். வாக்கெடுப்பு நடந்த அன்று அவர்கள் நாற்பதாம் பக்கத்தில் இருந்தார்கள். மீதியை முடிக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆயிற்று. மொத்தத்தில் நல்ல ஒப்பந்தம்தான் என்பது மெக்கானிக்கின் அபிப்பிராயம். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை, முக்கியமாக நான்காம் பாகம். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.