வைக்கோல் வண்டிக்குப் பின்னால்

இங்கிலாந்துக் காரைப் பிரான்ஸில் ஓட்ட இரண்டு பேர் வேண்டும். காரின் ஸ்டியரிங் வலப்பக்கம். அந்த நாட்டில் வாகனங்கள் ஓடுவதும் வீதியின் வலப்பக்கம். முன்னால் பெரிய வண்டி ஒன்று மெதுவாகப் போனால், எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் அந்தச் சொல்லை நம்பி முந்த வேண்டும். எனக்குப் பத்து வயதான கோடையில், எங்கள் காரில் இடப்பக்கம் இருந்தவர் அம்மா. அம்மா அப்பாவோடு பேசுவதில்லை.

காரில் ஏறும்வரை இது எனக்குத் தெரியாது. இங்கிலாந்தில், எங்கள் செவன் கிங்ஸ் வீட்டில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மாவுக்குப் பகல் ஷிப்ட். ஒருவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட வீட்டில் இருவர் பேசாமல் இருப்பதைக் கண்டுபிடிக்க நல்ல கூர்மை வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. நாங்கள் மூவரும் ஒரு முழுநாளை ஒரே இடத்தில் கழித்தது அந்தக் காரில்தான்.

துலூஸில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறோம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு சின்னப் பை. அம்மாவுக்குத் தனியாக ஒரு பெரிய பெட்டி. அதற்குள் தன் குளிர்கோட்டை அம்மா மடித்து வைத்ததை நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். இந்த வெயிலுக்குள் கோட்டு எதற்கு என்று கேட்டேன்.

“அங்கையும் குளிர் வரும்தானே” என்றார் அம்மா.

அப்பா பெருஞ்சாலையை விட்டுச் சின்ன வீதிகளால் போனார். லிமோஜ் நகரைத் தாண்டிய பிறகு நிலம் மெல்ல ஏறி இறங்கியது. அறுவடை முடிந்த வயல்கள், தலை கவிழ்ந்த சூரியகாந்திகள், ஒருவரும் இல்லாத ஊர்கள். சாத்திய பச்சை ஜன்னல்களுக்குப் பின்னால் எல்லாரும் நித்திரை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் அந்த ட்ராக்டர் எங்களுக்கு முன்னால் வீதியில் ஏறியது. பின்னால் இழுவைப்பெட்டி, அதில் வீட்டுயரத்துக்கு வைக்கோல் உருளைகள். ட்ராக்டர் சிவப்பு என்று அப்பா இன்றும் சொல்வார். பச்சை. வீதி வளையும்போது வைக்கோலுக்கு அப்பால் அதன் முன்பக்கம் தெரிந்தது, அது பச்சை.

“பிள்ளை, கொப்பாட்டைச் சொல்லு, முன்னாலை ஒண்டும் வரேல்லையாம் எண்டு” என்றார் அம்மா.

நான் பின் சீற்றின் நடுவில் இருந்தேன். “அப்பா, ஒண்டும் வரேல்லையாம்.”

அப்பா சிக்னல் போட்டபோது எதிரே ஒரு வான் வந்துவிட்டது.

“கொம்மாட்டைச் சொல்லு, வாகனம் வந்தாப் பிறகு சொல்லிப் பிரியோசனம் இல்லையெண்டு.”

“நான் நேரத்துக்குத்தான் சொன்னனான் எண்டு சொல்லு.”

இப்படியே பல முறை நடந்தது. ஒரு செய்தி அம்மாவிடமிருந்து என்னிடம் வந்து, அப்பாவிடம் போய்ச் சேர்வதற்குள் வீதி மாறிவிடும். தவறு என்னுடைய வேகத்தில்தான் என்று நம்பி, நான் வரவர விரைவாகச் சொல்லிப் பார்த்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு முக்கியமான பொறுப்பு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மத்தியானம் வோல்நட் மரங்களின் கீழே நிறுத்திச் சாப்பிட்டோம். ட்ராக்டரும் சற்றுத் தள்ளி நின்றது. அதை ஓட்டிய மனிதர் நிழலில் தொப்பியால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அப்பாவின் புட்டுப் பார்சலை அம்மா என்னிடம் தந்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சம்பல் உறைப்பு எண்டு சொல்லு” என்றார் அப்பா.

“தண்ணி குடிக்கச் சொல்லு.”

நாங்கள் புறப்பட்டபோது அவரும் எழுந்து, சரியாக எங்களுக்கு முன்னால் வீதியில் ஏறினார்.

“உவன் எங்களைப் பார்த்துக்கொண்டெல்லோ படுத்திருந்திருக்கிறான்” என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியாததால் நான் அதை யாருக்கும் கடத்தவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் ஒருமுறை குலுங்கியது.

வெயில் சாய்ந்தது. வைக்கோலிலிருந்து தும்புகள் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டின. சில மட்டும் காற்றில் நின்று, வெளிச்சம் பட்டு, எங்கே இறங்குவது என்று யோசிப்பவை போல மிதந்தன. அந்த உருளைகள் எங்களைக் கண்ணுக்குத் தெரியாத நூலால் இழுத்துக்கொண்டு போவதாகத் தோன்றியது. எனக்குக் கண் சொக்கியது. அம்மா ஏதோ சொன்னது தூரத்தில் கேட்டது. ஒரு தும்பு வைப்பரில் சிக்கி விடுபடும்வரை பார்த்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னேன்: “ஒண்டும் வரேல்லையாம்.”

அப்பா முந்துவதற்காகக் காரை இடப்பக்கம் வெட்டி எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, உள்ளை எடுங்கோ.”

அம்மாவின் கை அப்பாவின் கையைப் பிடித்திருந்தது. பால் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தபடி எங்களை உரசுவதுபோலக் கடந்தது. கார் ஆடி, மறுபடியும் வைக்கோலுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. கண்ணாடியில் இருந்த தும்புகள் எல்லாம் போய்விட்டன.

பிறகு அப்பா, “இனி நீரே சொல்லும்” என்றார்.

“சொல்லுறன்” என்றார் அம்மா. கையை அதற்குப் பிறகுதான் எடுத்தார்.

எனக்கு அழுகை வந்தது. லொறிக்காக அல்ல, வேலை போனதற்காக.

அதன்பின் நீண்ட, நேரான வீதி. இருபக்கமும் பொப்லார் மரங்கள், நிழல், வெளிச்சம், நிழல். “ஒண்டும் வரேல்லை, எடுங்கோ” என்றார் அம்மா. அப்பா எடுக்கவில்லை. கொஞ்சத் தூரம் போய் மறுபடியும், “இப்ப எடுங்கோவன்.”

“எடுக்கலாம்” என்றார் அப்பா. அப்போதும் எடுக்கவில்லை. அம்மா மூன்றாம் முறை சொல்லவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பண்ணை வாசலில் ட்ராக்டர் திரும்பியது. அந்த மனிதர் கையை உயர்த்தினார். அப்பாவும் உயர்த்தினார். முன்னால் வெறும் வீதி. ஆனால் கார் அதே வேகத்தில்தான் ஊர்ந்தது. அப்பா லொறிக்குப் பயந்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. அதை வெளியே சொல்லி அவரை வெட்கப்படுத்தக்கூடாது என்று பெருந்தன்மையாக முடிவுசெய்துகொண்டு, சும்மா இருந்தேன்.

பொழுது பட்டபோது பெரியம்மா வாசலிலேயே நின்றார்.

“எங்கை நிண்டனியள்? சோறெல்லாம் ஆறிப்போச்சு.”

“ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னாலை மாட்டுப்பட்டிட்டம்” என்றார் அம்மா.

“உதை முந்த ஏலாதே?”

அப்பா சின்னப் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, காருக்குள் இருந்த பெரிய பெட்டியின் பிடியில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

“அது இருக்கட்டும்” என்றார் அம்மா. “நாளைக்கு எடுக்கலாம்.”

அடுத்த நாளும் எடுக்கவில்லை, அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை. அந்த விடுமுறை முழுவதும் அம்மா பெரியம்மாவின் சட்டைகளை உடுத்தினார். திரும்பும்போதும் பெட்டி காரில் அதே இடத்தில், பூட்டுத் திறக்காமல் இருந்தது. செவன் கிங்ஸில் அப்பா அதை மாடிக்கு மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார். கீழ்ப்பக்கத்தை அம்மா தாங்கிப் பிடித்தார். நான் படியில் ஒதுங்கி நின்றேன். உடுத்தாத உடுப்புகளை இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போய், அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்களே, பெரியவர்களுக்கு ஒரு பெட்டி அடுக்கத் தெரியவில்லையே என்று அவர்களுக்காக வருந்தினேன்.