எதிர்வீட்டுக்காரி

ஆந்திராவில் பாகாலா பக்கத்தில் ஒரு ஊர் அங்கன்வாடியில் நான் டீச்சர். போன வருடம் ஒருநாள், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார மாட்டேன் என்று நின்றபடியே முட்டையைத் தின்றாள். காலைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்னால் தோசைக் கரண்டியால் சூடு வைத்திருந்தது.

“யாரும்மா வெச்சது?”

“நைனா.” அப்பாவைத்தான் சொன்னாள்.

அம்மா பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

“தெனமும் அழுதுக்கினுதான் கீது டீச்சர். அவுங்க வூட்டு விஷயம், நமக்கு எதுக்கு?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “உன் மாட்டை எவனாவது இப்படிச் சுட்டா பார்த்துக்கினு இருப்பியா?” என்றேன்.

அன்றே குழந்தைகள் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். போலீஸ் அப்பனைப் பிடித்துக்கொண்டு போனது. அம்மா திரும்பி வந்து, மகளோடு சித்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுவாரம் தெருப் பெண்களைக் கூட்டினேன். எந்த வீட்டில் குழந்தை அலறினாலும் எல்லோரும் போய்க் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்தோம். அதன்படியே செய்கிறோம். எதிர்வீட்டுக்காரிதான் இப்போது முதல் ஆளாக ஓடுகிறாள். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.